எழுத்துப் பிறக்கும் இடங்கள்

எழுத்து எங்கே பிறக்கிறது என்பதை அறியாமல் ஓதலாகாது என்று அரபு கற்பிக்கும் நாம் மாணவர்க்குக் கண்டிப்பாகச் சொல்வோம். 'மீம்' இதழ்களில், 'லாம்' நாவில், 'ஐன்' தொண்டையில் என மக்ரஜைப் பிரித்துக் காட்டுவோம். தொல்காப்பியரும் இதற்கெனப் பிறப்பியல் என்றோர் இயலை வகுத்தார். ஆயினும், அவ்விதழையும் நாவையும் இயக்கும் நரம்புகள் கபாலத்தின் அடித்தளத்திலுள்ள சிறு துளைகளின் வழியே இறங்கி வருகின்றன என்பதை நண்பர் ஒருவரின் காதுவலியே நம்மை எண்ணிப் பார்க்க வைத்தது.

நண்பர் அறுபதைக் கடந்தவர்; நெடுநாள் நீரிழிவுக்காரர். இரவில் உறங்கவிடாத வலி, காதில் சீழ். சொட்டு மருந்திலேயே வாரங்கள் கழிந்தன. ஒரு நாள் காலை வாய் ஒருபுறம் கோணிற்று. 'மீம்' சொல்ல இதழ்கள் கூடவில்லை. அரபு மருத்துவ நூல்கள் 'லக்வா' என்றழைக்கும் முகவாதம். வீட்டார் வாயுவின் கோளாறென்று எண்ணித் தைலம் தேடினர். உண்மையில், செவிக்குழாயில் நுழைந்த சூடோமோனாஸ் என்னும் கிருமி எலும்பைப் பற்றி, முகத்துக்குரிய ஏழாம் நரம்பு வெளிவரும் துளையை எட்டியிருந்தது. இது புற்றுநோய் அன்று. எனினும் இதன் கொடுமை கருதி, 1968இல் சாண்ட்லர் என்னும் மருத்துவர் 'கொடிய புறச்செவி அழற்சி' எனும் பொருள்படப் பெயரிட்டார். இன்னும் உள்ளே பரவினால் 9, 10, 11ஆம் நரம்புகள் தளர்ந்து குரலும் விழுங்கலும் கெடும். 12ஆம் நரம்பு தளர்ந்தால் நாப் புரளாது.

"அனைத்தையும் அறுத்தெடுத்து நரம்பை விடுவியுங்கள், ஐயா" என்று பிள்ளைகள் வேண்டினர். அறுவை மருத்துவர் பொறுமையுடன் விளக்கினார். முன்னாளில் விரிவாக அறுப்பதுண்டு. கிருமியை வெல்லும் மருந்துகள் வந்தபின் கத்தியின் வேலை சுருங்கிற்று: புற்றுநோய் இல்லையென உறுதிசெய்யவும் கிருமியை இனங்காணவும் சிறிது தசை எடுத்தல், செத்த தசையையும் எலும்பையும் அகற்றல், சீழ் கட்டியிருப்பின் வடித்தல். எஞ்சியது பல வார மருந்தும் சர்க்கரைக் கட்டுப்பாடும்.

2021இல் நாடெங்கும் அஞ்சப்பட்ட கரும்பூஞ்சை நோயில் நிலை வேறு. அப்பூஞ்சை இரத்தக் குழாய்களை அடைத்துவிடுவதால் மருந்து சென்று சேராது. மருந்து தொடர, செத்த பகுதியை விரைந்து அகற்றியாக வேண்டும். பகை இன்னதென்று அறிந்த பின்னரே கத்தியின் எல்லை தெரியும்.

நண்பர் உயிர் பிழைத்தார். முகம் பாதியே மீண்டது. கிருமி அழிந்தாலும் நலிந்த நரம்பு முழுதும் தேறுமென்று எவரும் உறுதி கூறுவதில்லை. ஆகவே, நீரிழிவுடைய அன்பர்களே, காதுவலி மருந்துக்கும் அடங்காமல் இரவில் வாட்டுமாயின் உடனே செவி மருத்துவரை நாடுங்கள். முகம் கோணும்வரை காத்திராதீர்கள்.