பிக்கப்புக்கு ஒரு படித் தகடு

புனே வந்து பதினெட்டு வருஷமாச்சு. சம்பாதிச்சதுல ஆசைக்குன்னு வாங்கினது ஒண்ணே ஒண்ணு: 1951 மாடல் செவர்லே பிக்கப். ஜெனரல் மோட்டார்ஸ் 1928லயே மும்பை சிவ்ரியில ஆலை போட்டு செவர்லே கார், லாரியெல்லாம் பாகங்களை இணைச்சு வித்தாங்க; 1954ல நிறுத்திட்டாங்க. அந்தக் காலத்து மிச்சம் ஒண்ணு எங்க வாசல்ல நிக்குது. (தங்கமணி அதுக்கு வச்ச பேரு 'சக்களத்தி'.)

போன மழைக்காலத்துல அப்பா ஊர்ல இருந்து வந்திருந்தார். கதவுக்குக் கீழ இருக்கற ஃபுட்போர்டை நான் பெயிண்ட் அடிச்சுக் கண்ணாடி மாதிரி வச்சிருந்தேன். ஈரச் செருப்போட ஏறினவர் சறுக்கிட்டார். நல்லவேளை, கதவைப் பிடிச்சுக்கிட்டார். அதுக்கப்புறம் எங்க கூப்பிட்டாலும், "நீ போய்ட்டு வா கண்ணு, நான் டிவி பாத்துக்கறேன்."

அப்பா கரூர்ல பஸ் பாடி கட்டற பட்டறையில முப்பது வருஷம் இருந்தவர். எத்தனையோ பஸ்ஸுக்குப் படி வச்ச மனுசன், மகன் வண்டியில ஏறப் பயப்படறார். மனசு கேக்கல. அலுமினிய செக்கர் தகடு வாங்கிட்டு வந்தேன். பஸ் படியில மேடு மேடா இருக்குமே, அதேதான். ஃபுட்போர்டுக்கு நட்டநடுவுல ஒரு அடிக்குக் கோடு போட்டேன்.

"அளவு கண்ணுக்கா, காலுக்கா?"ன்னார் அப்பா. செருப்படியில சாக்பீஸ் தூளைத் தேய்ச்சுக்கிட்டு ஏறிக் காட்டினார். ஒரு தடம் இருக்கும்னு பாத்தா, ரெண்டு! இடது கால், பக்கத்துலயே வலது கால். சின்னப் புள்ளை மாதிரி ரெண்டு காலையும் ஊன்றி நின்னு ஏறியிருக்கார்.

"வலது முட்டி மடங்கறதில்ல. ரெண்டு வருஷமாச்சு. சொன்னா லீவு போட்டுட்டு ஓடி வருவே."

ரெண்டு வருஷமும் வாராவாரம் ஃபோன்ல "நல்லா இருக்கேன்"னு சொன்னவர்!

தகடு ஒன்றரை அடியாச்சு. மிச்ச வேலைக்கு அவர்தான் மேஸ்திரி. துளை போடறதுக்கு முன்னாடி, கீழ பிரேக் பைப், ஒயர் ஏதாவது போகுதான்னு குனிஞ்சு பாக்கச் சொன்னார். சென்டர் பஞ்ச் அடிச்சு, முதல்ல 3 மி.மீ., அப்புறம் 6.5. துளை விளிம்புக்கு ரெட் ஆக்சைடு. அலுமினியத்தை நேரா இரும்பு மேல வைக்கக்கூடாதாம். மழைத்தண்ணி இடையில நின்னா அரிச்சுடும். அதனால நடுவுல ரப்பர் ஷீட். நைலாக் நட்டுகளை மூலைக்கு மூலை மாத்தி மாத்தி முறுக்கினோம்.

திங்கட்கிழமை முட்டிக்கு டாக்டர்கிட்ட போனோம், பிக்கப்லதான். அன்னைக்கும் மழை. ரெண்டு காலையும் ஊன்றி ஏறினார். வழுக்கல.

ஊர்ல பெரியவங்களை விட்டுட்டு வந்த மக்களே, அடுத்த தடவை ஃபோன்ல "எப்படி இருக்கீங்க"ன்னு மட்டும் கேக்காதீங்க. பஸ்ல எந்தக் காலை முதல்ல வச்சு ஏறுறீங்கன்னு கேளுங்க.