சொந்தக் காசு

2001 ஏப்ரலில் அவுஸ்திரேலிய டொலர் அமெரிக்கக் காசில் 48 சதத்துக்கும் கீழே இறங்கியது. அப்போது சிட்னியின் வென்ற்வேர்த்வில் கடைத்தெருவில் எங்கள் ஆட்களுக்கு அதுதான் பேச்சு. யாழ்ப்பாணத்துக்கு உண்டியலில் காசு அனுப்புகிறவர்களுக்கு விடிந்தால் முதல் கேள்வியே இன்றைய றேற் என்ன என்பது. "உந்த டொலரை வைச்சிருந்து என்ன பிரயோசனம் அண்ணை? அமெரிக்கன் டொலரையே எடுத்தால் என்ன?" என்று ஒரு தம்பி கேட்டான். தாய்க்கு மருந்துக் காசு அனுப்புகிறவனின் கோபம் அது.

அந்தக் காலத்தில் நியூசிலாந்துடன் பொது நாணயம் வேண்டும் என்றும் ஒரு பேச்சு இருந்தது. இரு நாடுகளும் அதற்குப் போகவில்லை.

இந்த டொலருக்கு அப்படியொன்றும் பெரிய வயதில்லை. 1966 பெப்ரவரி 14 வரை இங்கே பவுண், சிலிங், பென்ஸ்தான். செம்மறி மயிர் கத்தரிப்போரின் நாட்டார் பாட்டு மெட்டில் விளம்பரம் போட்டு, மாற்றத்தைச் சனங்களுக்குப் பழக்கினார்கள். புதிய நாணயத்துக்கு 'றோயல்' என்று பெயர் வைக்கத்தான் பிரதமர் மென்சிஸ் விரும்பினார். சனங்களுக்குப் பிடிக்கவில்லை, சில மாதங்களிலேயே அரசு அதைக் கைவிட்டது. தங்கள் காசின் பெயரைத் தாங்களே தீர்மானித்த மக்கள் இவர்கள். அது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

83 என்றால் எங்களுக்கு இலங்கையின் யூலைக் கலவரம்தான். எங்களில் பலர் சிட்னிக்கும் மெல்பேர்னுக்கும் வந்து சேர்ந்ததன் தொடக்கமே அது. அதே ஆண்டு டிசம்பர் 12இல் ஹோக் அரசும் திறைசேரி அமைச்சர் கீற்றிங்கும் டொலரின் விலையைச் சந்தையே தீர்மானிக்கட்டும் என்று அதை மிதக்கவிட்டார்கள். அதன் பலன் 1997இல் தெரிந்தது. தாய்லாந்து, இந்தோனேசியா, கொரியா என்று ஆசியா சரிந்தபோது அவுஸ்திரேலியாவின் வாடிக்கையாளர்களே சரிந்தார்கள். டொலரும் விழுந்தது. விழுந்ததால் அமெரிக்க டொலரில் விற்ற கோதுமைக்கும் நிலக்கரிக்கும் இரும்புத்தாதுக்கும் உள்ளூர்க் காசில் கூடுதலாகக் கிடைத்தது, விற்பனை நிற்கவில்லை. நாடு பொருளாதார மந்தத்துக்குள் போகவில்லை. அடியை நாணயம் வாங்கியது. தொழிலாளியின் வேலை பிழைத்தது.

அடி எங்கே விழும் என்பதை மெல்பேர்ன் ஓக்லியில்தான் விளங்கிக்கொண்டேன். அது கிரேக்கரின் கோட்டை. 2015 யூலையில் அங்கே கோப்பிக் கடைகளில் முதியவர்கள் தொலைக்காட்சியில் ஏதென்ஸ் வங்கி வாசல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 60 யூரோதான் எடுக்கலாம். டிராக்மாவை விட்டு யூரோவுக்குப் போன நாட்டுக்கு, விழுவதற்குச் சொந்த நாணயம் இல்லை. சம்பளமும் ஓய்வூதியமும்தான் விழுந்தன. 2013இல் அங்கே வேலையின்மை 27 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. "எங்கட பிள்ளையள் திரும்ப இஞ்ச வருகினம்" என்று எங்கள் ஊர்க் கிழவி ஒருத்தி சொல்லும் அதே தொனியில் ஒரு கிரேக்க அம்மா தன் பேரனைப் பற்றிச் சொன்னார்.

சொந்தக் காசு இருந்தால் மட்டும் போதாது என்பதற்கும் எங்கள் நாடான இலங்கையே சாட்சி. ரூபாயை ஒரு அமெரிக்க டொலருக்கு 200 அளவில் மாதக்கணக்கில் பிடித்து வைத்தார்கள். நோட்டை அச்சடித்துச் செலவைச் சமாளித்தார்கள். 2022 மார்ச்சில் பிடி விட்டதும், மே மாதத்துக்குள் அது 360ஐத் தொட்டது. பால்மாவுக்கும் பெற்றோலுக்கும் கியூவில் நின்ற உறவுகளின் குரல் இன்னும் காதில் இருக்கிறது. மெல்ல மெல்ல விழ விட்டிருந்தால் அந்தச் சரிவு ஒரேயடியாக வந்திருக்காது.

கிரிபாட்டி, துவாலு, நவுறு ஆகிய தீவு நாடுகள் அவுஸ்திரேலிய டொலரையே புழங்குகின்றன. சுமார் பத்தாயிரம், ஒரு இலட்சத்துக்குச் சற்று மேல் என்று மக்கள் உள்ள நாடுகளுக்கு அது சரியாகவும் இருக்கலாம். ஆனால் அவர்களின் காசுக்கு வட்டி வீதத்தைச் சிட்னியில் இருக்கும் மத்திய வங்கி தீர்மானிக்கிறது. அந்த முடிவில் அவர்களுக்கு ஒரு வாக்கும் இல்லை.