ஒன்பது பென்ஸ் கேஷுவல் லீவு

லண்டன் போகிற நம்ம ஆட்கள் பிக்பென், மேடம் துஸ்ஸாட்ஸ் பொம்மைகள், இமை கொட்டாத அரண்மனைச் சிப்பாய் என்று ஆல்பத்தை ரொப்பிக்கொண்டு வருவார்கள். நீங்கள் சார்லி சாப்ளின் ரசிகரா? உங்களுக்கு வேறொரு டூர் இருக்கிறது. 1964-ல் வந்த அவருடைய சுயசரிதையின் முதல் சில அத்தியாயங்களைப் படித்துவிட்டு, தேம்ஸுக்குத் தெற்கே கென்னிங்டன் பக்கம் நடந்தால் போதும். கைடு வேண்டாம், புத்தகமே கைடு!

ரென்ஃப்ரூ ரோட்டில் ஒரு பழைய செங்கல் கட்டடம். அந்தக் காலத்தில் அது 'ஒர்க்ஹவுஸ்'. கஞ்சிக்கு வழியில்லாதவர்கள் போய்ச் சேரும் இடம். சோறு உண்டு, வேலை வாங்குவார்கள், குடும்பத்தையும் பிரித்துவிடுவார்கள். 1896-ல் அம்மா ஹன்னா, அண்ணன் சிட்னி, ஏழு வயது சார்லி மூவரும் இங்கே தஞ்சம். அம்மா பெண்கள் பகுதிக்கு. பையன்கள் கொஞ்ச நாளில் ஊருக்கு வெளியே ஹான்வெல் பள்ளிக்கு.

பிள்ளைகளைப் பார்க்காமல் தாய்க்கு இருப்புக் கொள்ளுமா? ஆனால் அங்கே லீவு லெட்டரெல்லாம் செல்லாது. ஒரேயடியாகப் பெயரை வெட்டிக்கொண்டுதான் வெளியே வரலாம். அந்தம்மா அதையும் செய்தார். காலையில் ராஜினாமா, சாயங்காலம் மறுபடி அட்மிஷன்!

நடுவில் கிடைத்த அந்த ஒரு பகலுக்கு சிட்னியின் கைக்குட்டை முடிச்சிலிருந்த ஒன்பது பென்ஸ்தான் பட்ஜெட். அரை பவுண்டு கறுப்புச் செர்ரி வாங்கி, கென்னிங்டன் பார்க் பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். செய்தித்தாளைக் கசக்கி, நூல் சுற்றி, பந்து விளையாடினார்கள். மதியம் ஒரு காபிக் கடையில் கேக், கருவாடு, டீ என்று மிச்சக் காசும் காலி. சாயங்கால டீ நேரத்துக்கு ஒர்க்ஹவுஸ் வாசலில் ஆஜர். அதிகாரிகளுக்கு ஒரே எரிச்சல். பின்னே, இவர்கள் துணிகளை மறுபடி ஆவியில் வேகவைக்க வேண்டுமே!

சுவிட்சர்லாந்து பங்களாவில் ராஜா மாதிரி வாழ்ந்த 75 வயது மனிதர் வெளியிட்ட புத்தகம் இது. பின்பாதியில் சர்ச்சில், ஐன்ஸ்டீன், ஏன், 1931-ல் லண்டனில் சந்தித்த நம்ம காந்திஜிகூட வருகிறார். பெரிய மனிதர்கள் வரவர, நமக்குக் கொஞ்சம் கொட்டாவியும் வருகிறது. படங்களை எப்படி எடுத்தார் என்று சொல்வாரா என்றால், அதிலும் கஞ்சத்தனம். செர்ரிப்பழக் கணக்கை மட்டும் பைசா விடாமல் எழுதியிருக்கிறார். பசித்தவன் ரொட்டியை எப்படிப் பார்ப்பான் என்பதைத் திரையில் அவர் காட்டியதற்கு வேறு விளக்கம் வேண்டுமா?

பார்க் இன்னும் இருக்கிறது. ரென்ஃப்ரூ ரோட்டிலிருந்து பொடிநடையாகப் போய்விடலாம். ஒர்க்ஹவுஸின் ஒரு பகுதி 1998 முதல் சினிமா மியூசியம். பழைய புரொஜெக்டர்கள், போஸ்டர்கள், பிலிம் சுருள்கள் எல்லாம் அங்கே பத்திரம்.

பார்க்குக்கு முதலில் போங்கள். போகிற வழியில் அரை பவுண்டு செர்ரி வாங்க மறக்காதீர்கள். ஒன்பது பென்ஸுக்கு இன்று கொட்டைகூடக் கிடைக்காது!