முள்கம்பி

ஆற்றைச் சுத்தம் செய்கிறவர்களிடம் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. நானும் அவர்களில் ஒருவன் என்பதால் இதைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

ஆறு, அமெரிக்காவின் ஆர்கன்ஸா மாகாணத்திலுள்ள பஃபலோ. பிழைப்புக்காக பென்டன்வில் வந்த பிறகு இங்கே ஒரு துடுப்புச் சங்கத்தில் சேர்ந்தேன். வசந்தகாலத்தில், மழைத் தண்ணீர் இருக்கும்போதே, பாங்காவில் தோணிகளை இறக்கிக் குப்பை பொறுக்குகிறோம். பியர் டப்பாக்கள், ஒற்றைச் செருப்புகள், டயர்கள். டயருக்குள் சேறு நிறைந்திருக்கும்; அதைத் தோணி கவிழாமல் ஏற்றுவதற்குள் இடுப்பு போய்விடும்.

இந்த ஆறு இன்னும் ஓடுகிறதென்றால் அதற்குத் தோணிக்காரர்கள் முக்கியக் காரணம். ராணுவப் பொறியாளர் படை இதில் அணை கட்டவிருந்தது. 1962இல் நீல் காம்ப்டன் என்ற பென்டன்வில் டாக்டர் தலைமையில் ஓஸார்க் சொஸைட்டி பிறந்தது. அதே வருஷம் உச்சநீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸ் தோணியில் வந்து பார்த்தார். பத்து வருஷச் சண்டை. 1972 மார்ச் 1ஆம் தேதி நிக்ஸன் கையெழுத்திட, நாட்டின் முதல் 'தேசிய ஆறு' ஆயிற்று. சங்கத்தில் இதை ஸ்தலபுராணம் போலச் சொல்வார்கள்.

புராணத்தில் கரைவாசிகள் வருவதில்லை. அவர்களுடைய நிலத்தை அரசாங்கம் பூங்காவுக்காக வாங்கிக்கொண்டது, விற்க மனமில்லாதவர்களிடமிருந்தும். பாங்காவுக்குக் கீழே ஒரு கிழவி தனியாக வாழ்ந்த மரவீட்டைப் பார்க்கப் பலர் நடந்து போகிறார்கள். 1970களின் இறுதியில் அவள் அதைவிட்டு வெளியேற வேண்டியிருந்தது. இப்போது அது புகைப்படத்துக்கு நன்றாக இருக்கிறது.

சென்ற வசந்தத்தில் கரையோரப் புதரில் முள்கம்பி அகப்பட்டது. ஒரு முனை தண்ணீரில். மறுமுனை ஒரு மரத்துக்குள் போயிருந்தது. மரம் அதைச் சுற்றி வளர்ந்து விழுங்கிவிட்டது. நான் வெட்டுக்குறடை எடுத்தேன்.

"அது குப்பையில்லை," என்றார் எங்களுடன் வந்த பெரியவர். "யாரோ அடைத்த வேலி."

தண்ணீரிலிருப்பது காலைக் கிழிக்கும் என்றேன். அவர் மறுக்கவில்லை. நியாயம் இரண்டு பக்கமும் இருக்கும்போது குறடு வைத்திருப்பவன் பக்கம் கொஞ்சம் அதிகமாக இருந்துவிடுகிறது. தண்ணீரிலிருந்ததை மட்டும் வெட்டினேன். பெரியவரே அதைச் சுருட்டித் தந்தார், கையுறையில்லாமல்.

மாலையில் படிவத்தில் 'உலோகம்' என்ற பத்தியில் எடையைக் குறித்தேன்.