வண்டி மறக்க வேண்டிய சாவி

பாசிர் கூடாங்கில் சாவிக் கடைக்கு வருபவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "அண்ணே, சாவி தொலைஞ்சிருச்சி, புதுசு ஒன்னு போட்டுக் கொடுங்க." அடுத்து விலையையும் நேரத்தையும் கேட்பார்கள். தொலைந்துபோன சாவியை யாராவது எடுத்தால் என்ன ஆகும் என்று கேட்பவர் குறைவு. 1977இல் ஜொகூர் துறைமுகம் திறந்த பிறகு எண்ணெய், இரசாயன ஆலைகளோடு வளர்ந்த ஊர் இது. ஷிஃப்ட் வேலைக்கு நேரத்தோடு போய்ச் சேர வேண்டியவருக்கு வண்டி ஓடினால் போதும் என்று தோன்றுவது இயல்பே. ஆனால் இந்தத் தொழிலைப் பக்கத்தில் இருந்து பார்த்த எனக்குத் தோன்றுவது வேறு. தொலைந்த சாவியை வண்டியின் நினைவிலிருந்து அழிப்பதும், அதற்கு முன் சாவி கேட்பவர் யார் என்று உறுதி செய்துகொள்வதுமே இந்த வேலையின் உயிர். புதிய சாவியைப் பதிவது அதற்கு அடுத்தபடிதான்.

இதை விளக்க வேலையின் உள்ளே கொஞ்சம் போக வேண்டும். சாவியின் கறுப்புத் தலைக்குள் இரண்டு தனித்தனிப் பொருள்கள் இருக்கின்றன. பொத்தானை அழுத்தினால் கதவைத் திறக்கும் ரிமோட் ஒன்று. அதற்கு நாணயம் போன்ற சிறு பேட்டரி வேண்டும். மற்றொன்று நகக்கண் அளவே உள்ள சிப். அதற்குப் பேட்டரி கிடையாது. சாவித் துவாரத்தைச் சுற்றியிருக்கும் கம்பிச்சுருள் 125 கிலோஹெர்ட்ஸ் அளவில் அனுப்பும் அலையிலிருந்தே அது சக்தி பெற்றுப் பதில் சொல்கிறது. அந்தப் பதில் வண்டியின் கணக்கோடு பொருந்தினால்தான் எஞ்சின் ஓடும். இதனால்தான் ரிமோட் பேட்டரி செத்துப்போன பிறகும் வண்டி கிளம்புகிறது. இரும்பை அச்சாக வெட்டிய வெறும் சாவி கதவைத் திறந்தும் வண்டியைக் கிளப்புவதில்லை. இந்த மின்னணுப் பூட்டு வீண் அலங்காரம் அல்ல. நெதர்லாந்தில் இதைக் கட்டாயமாக்கியதன் விளைவை ஆராய்ந்த இரண்டு பொருளியலாளர்கள், கார்த் திருட்டு ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்ததாகக் கணக்கிட்டார்கள்.

புரோகிராம் செய்பவர் ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள 16 முனை சாக்கெட்டில் கருவியைச் செருகுகிறார். கவனமாக வேலை செய்பவர் அதற்கும் முன்னால் வண்டி பேட்டரியில் சார்ஜரை மாட்டிவிடுவார். எழுதிக்கொண்டிருக்கும்போது வோல்ட்டேஜ் இறங்கினால் கண்ட்ரோல் பெட்டியே கெட்டுப்போகலாம். கையில் ஒரு சாவியாவது இருந்தால் வேலை சுலபம். எல்லாச் சாவியும் போய்விட்டால் சில வண்டிகளில் பெட்டியைக் கழற்றி, மெமரி சிப்பில் உள்ள தரவைப் படித்து, பழைய ஃபைலைத் தனியாகச் சேமித்துவிட்டுத்தான் எழுத வேண்டும். இந்தச் சேமிப்பைச் செய்கிறாரா என்பதை வைத்தே ஒருவரின் கைத்தேர்ச்சியை நான் மதிப்பிடுவேன். பல வண்டிகளில் கருவியின் திரை இன்னொன்றையும் காட்டும்: எத்தனை சாவி பதிவாகியிருக்கிறது என்பதை. ஒரே ஒரு சாவியோடு பழைய வண்டி வாங்கியவருக்குத் திரையில் 3 என்று தெரிந்தால், மீதி இரண்டு யார் கையில் இருக்கின்றன? புதுச் சாவியைச் சேர்ப்பதால் மட்டும் அவை செல்லாமல் போவதில்லை. அவற்றை அழித்துவிட்டு, உரிமையாளரிடம் உள்ளவற்றை மட்டும் மறுபடி பதிய வேண்டும். கூடுதலாகச் சில நிமிடங்கள் ஆகும். வாடிக்கையாளர் கேட்காததால் பல நேரம் விட்டுப்போகிறது. அழித்தாலும் பழைய சாவியின் இரும்பு கதவைத் திறக்குமே என்பார்கள். திறக்கும்தான். அதற்குப் பூட்டையே மாற்ற வேண்டும். ஆனால் வண்டிக்குள் இருக்கும் பொருளை இழப்பதும் வண்டியையே இழப்பதும் ஒன்றல்ல.

அடையாளம் பார்ப்பதுதான் கடினமான பகுதி. கெரான் எனப்படும் வண்டிப் பதிவு ஆவணத்தையும் ஐசி எனப்படும் அடையாள அட்டையையும் காட்டச் சொல்வது எளிய வழிபோலத் தெரியும். ஆனால் கடன் முடியாத வண்டியைப் பெயர் மாற்றாமல் வாங்கித் தவணை கட்டும் 'சம்புங் பாயார்' இங்கே பரவலான பழக்கம். அப்படி வாங்கியவர் திருடரல்ல. ஆனாலும் ஆவணத்தில் அவர் பெயர் இல்லை. அவருக்குச் சாவி போட்டுக் கொடுத்தால், தவணை நின்றுபோய்த் தன் வண்டியைத் தேடும் பதிவு உரிமையாளருக்கு நாம் என்ன பதில் சொல்வது? பரிதாபம் பார்த்தால் தொழில் நடத்த முடியாது என்று சிலரும், கெடுபிடி செய்தால் வாடிக்கையாளர் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார் என்று சிலரும் சொல்கிறார்கள். இரண்டாவது கவலை நியாயமானது. ஒரு கடை மட்டும் கேட்டால் அந்தக் கடைதான் நஷ்டப்படும். எல்லோரும் கேட்டால்தான் நடக்கும். அமெரிக்காவில் சாவிக் குறியீடுகளை வாங்க விரும்பும் தொழிலாளர் தம்மைப் பதிந்துகொண்டு, உரிமையாளரைச் சரிபார்த்த படிவத்தையும் வைத்திருக்க வேண்டும். இங்கே அதைச் செய்யப் பெரிய செலவு தேவையில்லை. சாலைப் போக்குவரத்துத் துறையின் மைஜேபிஜே செயலியில் வண்டி எண் உரிமையாளரின் கணக்கில் தெரியும். பல வண்டிகளில் கருவி சேசிஸ் எண்ணையும் படித்துக் காட்டும்; அதைக் கெரானோடு ஒப்பிட்டாலே பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும்.

இவ்வளவு சிக்கல் ஏன், இதையெல்லாம் கார் நிறுவனங்களே பார்த்துக்கொள்ளட்டும், தெருக்கடைக்கு இந்த அறிவு ஆபத்து என்பது வலுவான எதிர்வாதம். நான் அதை ஏற்கவில்லை. 2005இலேயே ஆய்வாளர்கள் டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் சாவிச் சிப்பை உடைத்துக் காட்டினார்கள். இன்னொரு சிப்பின் குறையைச் சொல்லும் ஆய்வை வோல்க்ஸ்வேகன் 2013இல் இங்கிலாந்து நீதிமன்ற ஆணையால் நிறுத்தி வைத்தது. 2015இல் அது வெளிவந்தே தீர்ந்தது. இடைப்பட்ட காலத்தில் அந்தக் குறை வண்டிகளில் அப்படியேதான் இருந்தது. சாவியைச் செருகாமலே திறக்கும் புதிய வண்டிகளைத் திருடர்கள், வீட்டுக்குள் இருக்கும் சாவியின் அலையை நீட்டித்துக் கடத்துகிறார்கள். அவர்களுக்குச் சாவிக் கடையே தேவையில்லை. அறிவைப் பூட்டிவைத்தால் திருடன் அதை வேறு வழியில் பெறுவான். தொழிற்சாலை வாசலில் வண்டி நின்றுபோனவருக்கோ மிஞ்சுவது இழுவை லாரிச் செலவும் பல நாள் காத்திருப்பும்தான். மறைப்பதைவிட, யார் செய்தார், யாருக்குச் செய்தார் என்று எழுதி வைப்பதே அந்த அறிவுக்குப் பொருத்தமான காவல்.

எழுதி வைக்க வேண்டியதும் அதிகமில்லை. இன்று கிடைக்கும் ரசீதில் பெரும்பாலும் 'ரிமோட் சாவி 1' என்ற வரியும் ரிங்கிட் தொகையும்தான் இருக்கின்றன. சேசிஸ் எண், காட்டிய ஆவணம், வேலை முடிந்தபோது வண்டியில் பதிவாகியிருந்த சாவிகளின் எண்ணிக்கை ஆகிய மூன்றும் அதில் சேர வேண்டும். எண்ணிக்கை 2 என்று ரசீதில் இருந்தால், அந்த வண்டியை வாங்குபவர் கையிலும் இரண்டு சாவி இருக்க வேண்டும். இல்லையென்றால் காசைக் கொடுப்பதற்கு முன்பே மீதி எங்கே என்று கேட்டுவிடலாம்.