காது படித்த பிறகு கண் படிக்கும்

ஒன்றாம் வகுப்புக்குப் புதிதாக வருகிற ஆசிரியர்கள் முதல் நாளே கரும்பலகையில் ‘அ’ எழுதிவிடுகிறார்கள். சுந்தரபாண்டியபுரத்தில் எனக்குத் தொழில் பழக்கிய பெரிய டீச்சர் ஆரம்பத்தில் சாக்பீஸைத் தொடவே விடமாட்டார். பிள்ளையின் காது தயாராகாமல் கண்ணுக்கு வேலை கொடுக்கக் கூடாது என்பது அவர் கட்சி. இன்றுவரை என் கட்சியும் அதுதான்.

ஜூனில் பள்ளி திறக்கும்போது எங்கள் பக்கம் சாரல் தொடங்கியிருக்கும். ‘சாரல்’ என்பார் டீச்சர். அதே ஒலியில் தொடங்கும் சொற்களைப் பிள்ளைகள் தேட வேண்டும். சாமி, சாக்கு, சாதம் என்று வந்து விழும். ‘அருவி’ என்றால் ‘குருவி’ என்று கடைசி ஒலியைப் பிடிக்க வேண்டும். அடுத்தது குறில் நெடில். ‘கல்’லுக்கு ஒரு சொடுக்கு, ‘கால்’ என்றால் இரண்டு சொடுக்கு. கண்ணிமைப்பையும் கைநொடியையும் வைத்து மாத்திரையை அளக்கச் சொன்னது தொல்காப்பியம். ஐந்து வயதுப் பிள்ளைக்கும் அந்த அளவுகோல் போதும். பல், பால், மடு, மாடு, எடு, ஏடு என்று சொடுக்கிப் பழகிய பிள்ளை பின்னால் துணைக்காலை விட்டுவிட்டு எழுதுவது அபூர்வம்.

சொல்லை உடைக்கக் கைதட்டலாம். ஆனால் புள்ளி எழுத்துக்குத் தட்டக் கூடாது. கையை மூடிக்கொள்ள வேண்டும். ‘படம்’ என்றால் தட்டு, தட்டு, மூடு. ‘பட்டம்’ என்றால் தட்டு, மூடு, தட்டு, மூடு. இரண்டாம் வகுப்பில் ஒரு பையன் பட்டத்தைப் ‘படம்’ என்றே எழுதுவான். சிவப்பு மையில் எத்தனை முறை திருத்திக் கொடுத்தாலும் மறுநாள் அதே கதைதான். டீச்சர் அவன் நோட்டை மூடிவைத்தார். அவன் விரல்களைத் தொண்டையில் வைத்து இரண்டு சொல்லையும் சொல்ல வைத்தார். ‘படம்’ சொல்லும்போது டகரத்தில் தொண்டை அதிர்ந்தபடியே இருக்கும். ‘பட்டம்’ சொல்லும்போது நாக்கு மேலே ஒட்டி நிற்கும் அந்த நொடியில் அதிர்வு நின்றுபோகும். நின்ற இடத்தில்தான் புள்ளி வைக்க வேண்டும் என்று அவன் விரலே அவனுக்குச் சொல்லிவிட்டது.

காது பழகிய பிறகு எழுத்துக்கு வரலாம். அகர வரிசையில்தான் போக வேண்டும் என்று கட்டாயமில்லை. நாங்கள் ட, ப, ம மூன்றில் தொடங்குவோம். நேர்கோடு அதிகம், கைக்கு எளிது. அதைவிட முக்கியம், புள்ளியைச் சேர்த்தால் அன்றைக்கே படம், மடம், பட்டம், மட்டம் எல்லாம் கிடைத்துவிடும். துணைக்கால் வந்ததும் பாடம், மாடம், மாமா, பாப்பா, டப்பா. தானாக ஒரு சொல்லைக் கூட்டிப் படித்துவிட்ட பிள்ளையை மறுநாள் வகுப்புக்கு யாரும் இழுத்துவர வேண்டியதில்லை.

சாமான்களுக்குக் காசு அதிகம் ஆகாது. மணல் பரப்பிய தட்டு, புளியமுத்து, உப்புத்தாளில் வெட்டிய எழுத்து, பழைய நாள்காட்டி அட்டையில் செய்த மின்னட்டை, உள்ளங்கை அளவு கண்ணாடி ஒன்று. கரும்பலகையில் எழுதும்போது பெரிய டீச்சர் பக்கவாட்டில்தான் நிற்பார். சாக்பீஸ் எங்கே தொடங்குகிறது, எங்கே திரும்புகிறது என்பதைக் கடைசிப் பிள்ளையும் பார்க்க வேண்டும். கை நகரும் நேரமெல்லாம் வாய் அந்த ஒலியைச் சொல்லிக்கொண்டிருக்கும்.

பிள்ளைகள் தட்டுத் தடுமாறும் இடம் இரண்டு. ஒன்று கொம்பு. ‘செடி’யில் கொம்பு முதலில் நிற்கிறது, ஒலியோ சகரத்துக்குப் பிறகு வருகிறது. கொம்பைப் பார்த்ததும் பிள்ளை திகைத்து நின்றுவிடும். விரலால் கொம்பை மறைத்து ‘ச’ சொல்ல வையுங்கள். பிறகு விரலை எடுத்துச் ‘செ’. ‘கொ’வுக்கு இரண்டு பக்கமும் மறைக்க வேண்டும்.

இன்னொன்று உகர வரிசை. 1978-இல் அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபோது ணா, றா, னை, லை போன்ற 13 எழுத்துகளின் தனி வடிவம் போய் வேலை குறைந்தது. உகரம் மட்டும் பழையபடியே இருக்கிறது. அதை வரிசையாக நடத்தாதீர்கள். சு, பு, வு ஒரு கூட்டம். து, லு, று ஒரு கூட்டம். டு, மு, ரு ஒரு கூட்டம். ஒரு கூட்டம் கைவந்த பிறகு அடுத்ததைத் தொடுங்கள்.

றன்னகரம், டண்ணகரம், தந்நகரம் என்று பெயர் சொல்லிக் குழப்ப வேண்டாம். பந்து, வண்டு, கன்று மூன்றையும் மெதுவாகச் சொல்ல வைத்து நாக்கு எங்கே தொடுகிறது என்று கேளுங்கள். பந்தில் பல்லைத் தொடும், வண்டில் மடிந்து மேலே போகும், கன்றில் பல்லுக்குச் சற்றே மேலே நிற்கும். தகரத்துக்கு முன் ந், டகரத்துக்கு முன் ண், றகரத்துக்கு முன் ன். நாக்கு முன்கூட்டியே அந்தந்த இடத்துக்குப் போய்விடுகிறது. எங்கள் ஊர்ப் பெயரிலேயே ‘ந்த’ இருக்கிறது, ‘ண்டி’ இருக்கிறது, ஒரே கூட்டத்துச் சுவும் புவும் இருக்கின்றன. பதினோரு எழுத்து. பேருந்துப் பலகையில் ‘சுந்தரபாண்டியபுரம்’ என்பதை ஒரு பிள்ளை தானாக வாசித்துவிட்டால் ஒன்றாம் வகுப்பின் பெரும்பகுதி முடிந்தது என்பேன்.

வீட்டுப் பேச்சைக் குற்றம் சொல்லாதீர்கள். ‘குற்றாலம்’ என்ற பலகையைக் காட்டினால், “குத்தாலம்லா டீச்சர்!” என்பார்கள். ஆமாம், பேசும்போது குத்தாலம், எழுதும்போது குற்றாலம். காத்து–காற்று, நேத்து–நேற்று என்று ஜோடி சேர்த்துக் கொடுத்தால் அவர்களே இன்னும் பத்து ஜோடி கொண்டுவருவார்கள். ‘பளம்’ என்று சொல்லும் பிள்ளைக்குக் கண்ணாடியைக் கொடுங்கள். ளகரத்தில் மடிந்த நாக்கு மேலண்ணத்தில் தட்டும். ழகரத்தில் தட்டாமல் வருடிக்கொண்டு போகும். ஒரு நாளில் வராது. வரும்.

பாடத்தைக் கடகடவென்று ஒப்பிப்பதை வாசிப்பு என்று நம்பிவிடாதீர்கள். படத்தை மறைத்து, வரியின் நடுவில் ஒரு சொல்லைத் தொட்டுக் கேளுங்கள். கடைசிச் சொல்லிலிருந்து பின்னோக்கி வாசிக்கச் சொல்லுங்கள். உண்மை தெரிந்துவிடும். தவறு வந்தால் பெரிய டீச்சர் ‘தப்பு’ என்று சொன்னதே இல்லை. சரியான ஒலியை ஒருமுறை சொல்லிவிட்டுக் காத்திருப்பார். அந்தக் காத்திருப்பைத்தான் நான் கடைசியாகக் கற்றுக்கொண்டேன். நாமே எடுத்துக் கொடுத்தால் வகுப்பு வேகமாக நகரும், பிள்ளை அதே இடத்தில் நிற்கும்.

ஏணிப்படியும் அட்டைகளுமாக வந்த செயல்வழிக் கற்றலிலும் வேலை செய்திருக்கிறோம். கொரோனாவுக்குப் பின் ஒன்றாம் வகுப்பையே பார்க்காமல் மூன்றாம் வகுப்புக்கு வந்த பிள்ளைகளுக்காக, 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்தும் நடத்தியிருக்கிறோம். அரும்பு நிலையில் இருக்கும் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து அது சொல்லும் ஒலியைக் கேட்பதற்கு எந்தத் திட்டத்திலும் ஆள் வேண்டும். அந்த ஆள் நீங்கள்தான்.

பல பள்ளிகளில் ஒன்றாம் வகுப்பை வேண்டாம் என்று தள்ளிவிடுகிறார்கள். புதிதாக வந்தவர் தலையில் அது விழுகிறது. நியாயப்படி பள்ளியிலேயே கைதேர்ந்தவருக்குத்தான் அதைக் கொடுக்க வேண்டும். உங்களுக்கு அந்த வகுப்பு வந்தால் மாற்றிக் கேட்காதீர்கள். வராவிட்டால் கேட்டு வாங்குங்கள்.