கண்டிச் சீமையின் கித்துள் பாணி

கண்டி மாநகர் என்றதும் நம்மில் பெரும்பாலோர் நெஞ்சில் தோன்றுவன தலதா மாளிகையும், அதன் அருகே விரிந்து கிடக்கும் வாவியும், எசல மாதத்துப் பெரஹராவுமே. இவற்றைக் கண்டு மீள்வோர், ஊர் திரும்புமுன் சந்தைப் பக்கம் ஒருமுறை தலைகாட்டி, ஒரு போத்தல் கித்துள் பாணியும் இரண்டு கட்டிக் கருப்பட்டியும் வாங்கிப் பையில் இட்டுக்கொள்வது வழக்கம். வீட்டுக்கு வந்து எருமைத் தயிரின்மேல் அப்பாணியை ஊற்றி உண்ணும்பொழுது, அது எம்மரத்திலிருந்து வந்தது, எவர் கையால் வந்தது என்று எண்ணிப் பார்ப்போர் சிலரே. அதனை நேரிற் கண்டு வரும் விருப்பத்துடன் நாம் அண்மையில் கண்டிக்குச் சென்றோம்.

முதலிற் சந்தைக்கே போனோம். தமிழர் ஒருவரின் கடை. பாணி வேண்டுமென்றதும் அவர் இரண்டு போத்தல்களை எடுத்து நம் முன் வைத்தார். இரண்டின்மேலும் கித்துள் பாணி என்றே எழுதப்பட்டிருந்தது. ஆனால் ஒன்றின் விலை மற்றதனைப் போல் இரு மடங்கு.

“ஏன் இந்த வேற்றுமை?” என்று வினவினோம்.

“ஐயா, இது மரம் தந்தது. அது பாதி மரம் தந்தது, பாதி சீனி மூட்டை தந்தது. இரண்டையும் நக்கிப் பாருங்கள். பிறகு எது வேண்டுமோ அதைச் சொல்லுங்கள்” என்றார் அவர்.

நக்கிப் பார்த்தோம். மலிவானது இனித்தது, இனித்ததோடு சரி. மற்றதில் இனிப்புக்குப் பின்னே மெல்லிய புகை மணமும், நாக்கின் ஓரத்தில் ஒரு சிறு துவர்ப்பும், சற்று நேரம் நின்று மறையும் ஒரு சுவையும் இருந்தன. “எது அதிகம் விற்கும்?” என்று கேட்டோம். கடைக்காரர் மலிவான போத்தலைத் தட்டிக் காட்டிவிட்டு வேறு வாடிக்கையாளரைக் கவனிக்கச் சென்றுவிட்டார்.

மறுநாட் காலை மகியங்கனை வீதியிற் புறப்பட்டோம். திகனையைக் கடந்து தெல்தெனியவை நெருங்கியதும் விக்டோரியா நீர்த்தேக்கம் கண்ணிற் படுகின்றது. பழைய தெல்தெனியப் பட்டினம் இந்நீரினடியிலேதான் கிடக்கின்றது. மகாவலியை மறித்து 1980களில் அணை எழுந்தபோது பட்டினம் மேட்டுக்குக் குடிபெயர்ந்தது. ஹுன்னஸ்கிரியவில் பெருவீதியை விட்டு இடப்புறம் திரும்பினால் நக்கிள்ஸ் மலைத்தொடர் நம்மை எதிர்கொள்கின்றது. மடக்கிய கைம்முட்டியின் கணுக்களைப் போலச் சிகரங்கள் வரிசையாக நிற்பதைக் கண்ட ஆங்கிலேயர் இட்ட பெயர் அது; சிங்கள மக்கள் இதனைத் தும்பறை மலை என்பர். லூல்வத்தையைத் தாண்டி, மலையிடுக்குக் கணவாய் ஒன்றில் வாகனத்தை நிறுத்தினால், கீழே பச்சைக் கிண்ணம்போல ஒரு பள்ளத்தாக்கு. அதன் மறுகரையில் கூம்பி நிற்பது லக்கேகல சிகரம். இராவணன் கதையோடு அச்சிகரத்தைச் சேர்த்துச் சொல்வது அவ்வூர் வழக்கு. அப்பள்ளத்தாக்கிலேதான் மீமுரே முதலான சிற்றூர்கள் இருக்கின்றன. மிளகும் நெல்லும் கித்துளுமே அம்மக்களுக்குத் துணை.

வழியெங்கும் காட்டு மரங்களுக்கு இடையே கித்துள் மரம் தனித்துத் தெரிகின்றது. நம் நாட்டுப் பனைக்கும் தென்னைக்கும் உறவினமாயினும் இதன் ஓலை வேறு வகை. ஒவ்வொரு சிற்றிலையும் மீனின் வால்போல நுனி கிழிந்து தொங்கும். பூங்குலையோ விரித்துவிட்ட மங்கையின் கூந்தலைப் போல நெடிது சரிந்து தொங்குகின்றது; தமிழில் இதற்குக் கூந்தற்பனை என்று பெயரிட்டவர் நல்ல கண்ணுடையவரே. 1753 ஆம் ஆண்டில் லின்னேயசு இதற்கு இட்ட இலத்தீன் பெயரில் ‘எரிப்பது’ என்ற பொருளில் ஒரு சொல் இருக்கின்றது. பழத்தின் சாறு தோலிற் பட்டால் அப்பெயரின் பொருத்தம் விளங்கும். அரிப்பு எளிதில் ஓயாது.

யாழ்ப்பாணத்துப் பனையை அறிந்த நமக்கு இம்மரத்தின் வாழ்க்கை வியப்பளிப்பது. பனை ஆண்டுதோறும் பாளை விடும். தலைமுறை தலைமுறையாகச் சீவலாம். கித்துளோ ஏறக்குறைய பத்துப் பதினைந்து ஆண்டுகள் பூக்காமலே வளர்ந்து, தன் உடலெல்லாம் மாவைச் சேர்த்து வைக்கின்றது. பிறகு உச்சியில் முதற் குலையை விடுகின்றது. அடுத்த குலை அதற்குக் கீழே, அதற்கடுத்தது இன்னும் கீழே. இப்படி மேலிருந்து கீழாகச் சில ஆண்டுகள் பூத்து, கடைசிக் குலையும் முடிந்ததும் மரம் பட்டுவிடுகின்றது. அச்சில ஆண்டுகளே சீவுவோனுக்குரிய காலம்.

நாம் சென்ற ஊரில் முதியவர் ஒருவர், வயது அறுபதைத் தாண்டியவர், நம்மைத் தம் தோட்டத்துக்கு அழைத்துச் சென்றார். அவருக்குத் தமிழ் சிறிதே தெரியும்; நமக்குச் சிங்களம் ஓரளவு தெரியும். நாம் அவரை ‘மாமா’ என்றோம்; அவர் நம்மை ‘மாத்தயா’ என்றார். நம் சீவல் தொழிலாளரைப் போல் அவரிடம் தளநார் இல்லை. நெடிய தடிகளை மரத்தோடு சேர்த்துக் காட்டுக்கொடியால் இறுகக் கட்டி, அதையே ஏணியாக்கியிருந்தார். இடுப்பிலே கத்தி, தோளிலே முட்டி. ஐம்பது அடிக்கு மேற்பட்ட உயரத்தை அவர் ஏறிய விதத்தைக் கீழிருந்து பார்த்த நமக்குத்தான் கால் நடுங்கியது.

பனம்பாளையைத் தட்டி நசுக்கிப் பதப்படுத்துவது நம் முறை. கித்துளுக்கு அது போதாது, மருந்து வைக்கவேண்டும். பாளை விரியும் பருவம் பார்த்து, அதன் அடித்தண்டிற் சிறு வெட்டு இட்டு, மருந்தை உள்ளே அடைத்து, சுற்றிக் கட்டிவிடுகின்றனர். சுண்ணாம்பு, உப்பு, சாம்பல், மிளகு, மிளகாய் என்பன அதிற் சேரும் பொதுவான சரக்குகள். எது எவ்வளவு, அதனோடு எந்த இலை என்பது குடும்பத்துக்குக் குடும்பம் வேறுபடும் இரகசியம். “மருந்து கூடினால் பூ கருகும், குறைந்தால் பூ மலர்ந்து காய்த்துப் போகும். இரண்டிலும் நமக்கு ஒன்றுமில்லை, மாத்தயா” என்றார் முதியவர். தம் மருந்தில் என்ன சேர்க்கிறார் என்று கேட்டோம். சிரித்தார், சொல்லவில்லை.

சில நாட்கள் சென்றதும் பூந்தண்டின் நுனியைச் சீவிப் பார்ப்பர். நீர் கசியத் தொடங்கினால் மருந்து பிடித்தது என்று பொருள். அதன்பின் காலையும் மாலையும் தவறாமல் ஒரு மெல்லிய வட்டத்தைச் சீவி எடுக்கவேண்டும். ஒரு வேளை தவறினாலும் வெட்டுவாய் அடைபட்டு ஊற்று குன்றும். மழையென்றும் காய்ச்சலென்றும் கல்யாணவீடென்றும் மரம் விடுப்புத் தராது. இறக்கிய இனிய நீருக்குச் சிங்களத்தில் ‘தெலிஜ்ஜ’ என்று பெயர். நம் கருப்பநீருக்கு ஒப்பானது. அது புளித்தால் கள். அதற்குக் கலால் சட்டம் குறுக்கே வரும். ஆகவே பாணிக்கென இறக்குவோர், முட்டியிற் சுண்ணாம்போ ஹல் மரத்தின் பட்டையோ இட்டுப் புளிப்பைத் தடுக்கின்றனர்.

இந்தத் ‘தெலிஜ்ஜ’ என்ற சொல்லைப் பற்றி ஒன்று கூறவேண்டும். கொட்டியாரக் குடாவிற் சிறைப்பட்டு, 1660 முதல் 1679 வரை இரண்டாம் இராசசிங்கனின் கண்டி இராச்சியத்திற் கைதியாக வாழ்ந்த ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ், தப்பியோடி இலண்டன் சேர்ந்து 1681 இல் வெளியிட்ட நூலில் இதே சொல்லை எழுதி வைத்திருக்கிறார். சாதாரண மரம் நாளொன்றுக்கு மூன்று நான்கு கலன் நீர் தரும் என்கிறார். இக்கால அளவில் 11 முதல் 15 லீற்றர். அதனைக் காய்ச்சி எடுக்கும் கருப்பட்டி பழுப்பு நிறமாயினும், திறமையோடு செய்தால் நல்ல சீனிக்குச் சற்றே குறைந்த வெண்மையில் வரும் என்பதும் அவர் கூற்று. கண்டிக்கு அண்மையில் எலதெத்த என்னும் ஊரில் வீடு கட்டி வாழ்ந்த அவர், ஊரார் காய்ச்சியதை அருகிருந்து பார்த்தே எழுதியிருக்கவேண்டும். அரசு போயிற்று, 1815 இல் கண்டியே ஆங்கிலேயர் கையிற் சேர்ந்தது. முட்டிக்குள் விழும் நீருக்கு மட்டும் இன்றும் அதே பெயர்.

காய்ச்சுவது வீட்டுப் பெண்களின் பொறுப்பு. முதியவரின் மனைவியார் அடுப்பங்கரையில் நமக்கு ஒரு பலகை இட்டு அமரச் சொன்னார். அகன்ற தாச்சியில் வடித்த நீர் கொதிக்கின்றது. விறகு காட்டிலிருந்து வந்தது. முதலில் வெண்ணுரை பொங்கும். அதனை அகப்பையால் அள்ளி எறிகின்றார். நீர் வற்ற வற்ற நுரை மஞ்சளித்து, குமிழிகள் பெரியனவாகி, மணம் மாறுகின்றது. ஆறேழு போத்தல் நீர் வற்றினால் ஏறக்குறைய ஒரு போத்தல் பாணி. பாணியாக வேண்டின் அப்பதத்தில் இறக்கிவிடலாம். கருப்பட்டியாக வேண்டின் இன்னும் காய்ச்சி, ஒரு துளியைத் தண்ணீரிலிட்டு விரலால் உருட்டிப் பார்க்கவேண்டும். உருண்டை நின்றால் தாச்சியை இறக்கி, கைவிடாமற் கிண்டி, தேங்காய்ச் சிரட்டைகளில் ஊற்றி ஆறவிடுகின்றனர். அரைக்கோளமாக வரும் இரு கட்டிகளை முகத்தோடு முகம் பொருத்திக் காய்ந்த வாழைச் சருகாற் பொதிந்தால் ஒரு பொதி. நம் பனங்கட்டிக்குக் குட்டான் எப்படியோ, கித்துளுக்குச் சிரட்டை அப்படி.

தாச்சியிலிருந்து இறக்கிய சூட்டோடு ஒரு சிறு கட்டியும், சீனி இல்லாத தேநீரும் நமக்குக் கிடைத்தன. கட்டியைச் சிறிது கடித்துத் தேநீரை உறிஞ்சவேண்டும். கரைத்துக் குடிப்பது அங்கே அழகன்று. 1970களின் முற்பகுதியிற் சீனி பங்கீட்டில் அருமையாகிப் போன நாட்களில் நாடு முழுவதும் இப்பழக்கத்துக்கு வந்ததைப் பெரியோர் நினைவுகூர்வர். புத்தாண்டில் கொண்டைப் பலகாரமும் தொதலும் கித்துள் இன்றி நிறம் பெறுவதில்லை.

இக்காலத்தில் சீனிக்கு மாற்றுத் தேடுவோர் பலர். நீரிழிவு உள்ளோரும் “இது இயற்கையானது, தீங்கு செய்யாது” என்று நம்பிக் கித்துள் பாணியை ஊற்றிக்கொள்வதை விருந்துகளில் நாம் கண்டிருக்கிறோம். இயற்கையானது என்பது மெய். ஆயினும் அதிலுள்ள இனிப்பிற் பெரும்பங்கு கரும்புச் சீனியில் உள்ள அதே சுக்குரோசுதான். சுவையும் மணமும் சிறிதளவு தாதுப் பொருள்களும் கூடுதலாக உள்ளன. அவற்றுக்காக உண்ணலாம், மருந்தென்று எண்ணி உண்ணலாகாது. நோயுள்ளோர் சீனியைப் போலவே இதனையும் அளந்தே உண்ணவேண்டும்.

கலப்படத்தின் கதை இதனோடு ஒட்டியதே. கலக்கப்படுவதும் சுக்குரோசு, கலப்பதற்குள்ளதும் சுக்குரோசு. ஆகவே கண்ணாலும் நாவாலும் கண்டுபிடிப்பது எளிதன்று. நீரில் ஒரு சொட்டு விட்டுப் பார், விரலிடை இழுத்துப் பார் என்னும் வீட்டுச் சோதனைகளை நாம் அதிகம் நம்புவதற்கில்லை. ஆய்வுகூடத்தில் வழியுண்டு. கரும்பு காற்றிலுள்ள கரியமிலவாயுவை ஏற்கும் முறையும் பனையினங்கள் ஏற்கும் முறையும் வெவ்வேறு. அதனால் இரண்டின் சீனியிலும் உள்ள கரிம ஓரிடத்தான்களின் விகிதம் வேறுபடுகின்றது. தேனிற் கரும்புச்சீனி கலந்ததை அறிய உலகெங்கும் கையாளும் முறை இதுவே. ஆனால் சந்தையில் நிற்கும் நமக்கு அக்கருவி ஏது?

முதியவரிடம் இதனைச் சொன்னபோது அவர் கோபங்கொள்ளவில்லை. “போத்தலுக்கு வெளியே எல்லாம் ஒரே பெயர், மாத்தயா. வியாபாரி வந்து, சீனிப்பாணியின் விலையைச் சொல்லி, அதற்கு மேல் தரமாட்டேன் என்கிறான். நானும் நாலு கிலோ சீனி போட்டால் நாளைக்கு இருமுறை மரம் ஏறத் தேவையில்லை” என்றார். அவர் மூத்த மகன் கொழும்பில் வேலை செய்கிறார். இளையவர் முச்சக்கரவண்டி ஓட்டுகிறார். இருவருக்கும் மருந்து தெரியாது. “கேட்டார்களா?” என்றோம். “மரத்திலிருந்து விழுந்த என் தம்பியின் காலைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள். கேட்கமாட்டார்கள், நானும் வற்புறுத்தவில்லை” என்றார். அடுப்படியில் இருந்த அம்மையார் திரும்பிப் பார்த்துவிட்டு மீண்டும் தாச்சியைக் கிண்டலானார்.

தோட்டத்து ஓரத்தில், ஓலை உதிர்ந்து நின்ற ஒரு மரத்தைக் காட்டினார் முதியவர். கடைசிக் குலையும் சீவி முடிந்த மரம். அதனை அடுத்த மாதம் தறிப்பாராம். வெளிப்புறத்து வயிரம் உலக்கைக்கும் கைமரத்துக்கும் ஆகும். உட்சோற்றை இடித்துக் கரைத்து வடித்தால் கித்துள் மா கிடைக்கும். அதிற் கஞ்சி காய்ச்சுவர். ஆயினும் நன்றாகச் சீவிய மரத்தில் மா குறைவு என்பது ஊரார் கணக்கு. பாணியாக வெளியே வந்தது மாவாக உள்ளே இராதல்லவா? மட்டையடியில் உள்ள கருநார் தூரிகைக்கும் கயிற்றுக்கும் உதவும். பச்சை ஓலை யானைக்கு விருப்பமான தீன். பெரஹரா நாட்களிற் கண்டியில் வந்து நிற்கும் யானைகளின் முன்னே குவிந்து கிடப்பதிற் பெரும்பகுதி இதுவே.

நாம் இரண்டு போத்தல் பாணியும் நான்கு பொதிக் கருப்பட்டியும் வாங்கினோம். கண்டிச் சந்தையின் உயர்ந்த விலையையே கொடுத்தோம்; அவர் ஒரு பொதியை மேலதிகமாக வைத்தார். விடைபெறும்போது மாலைச் சீவலுக்கு நேரமாகிவிட்டது. கத்தியைக் கல்லில் இருமுறை தீட்டி நகத்திற் கூர்மை பார்த்துவிட்டு, முதியவர் ஏணித் தடியிற் கால் வைத்தார். கீழ்வீட்டுச் சிறுவன் ஒருவன், வயது பத்து இருக்கும், வெற்று முட்டியை ஏந்தியபடி மரத்தடியில் வந்து நின்றான். அவன் அவருடைய பேரன் அல்லன். பள்ளி விட்டு வந்தால் இங்கேதான் நிற்பானாம்.